ராமேஸ்வரம் ரோட்டில் டியாகோ இவி: பெட்ரோல் காருக்கு ஈடு கொடுக்கிறதா?

தங்கச்சிமடத்தில் மெடிக்கல் கடை வாசலில் என் மின்காரை நிறுத்தி அட்டைப்பெட்டிகளை இறக்கி வைப்பதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: “அண்ணே, ஒரு சார்ஜுக்கு எம்புட்டு ஓடும்?” அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வரும்: “நாளைக்கே பெட்ரோல் வெல எறங்கிருச்சுன்னா இத வச்சுக்கிட்டு என்ன செய்வீங்க?” முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் உண்டு. ஏசி போட்டு, சரக்கும் ஏற்றி, இருநூறு கிலோமீட்டர். இரண்டாவதைக் கடை வாசலில் நின்றுகொண்டு சொல்லி முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ராமநாதபுரத்தில் எனக்கு மருந்து மொத்த வியாபாரம். ஒரு நாள் உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் லைன். மறுநாள் திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி. வாரத்தில் ஒரு தடவை தேவிபட்டினம் வழியாகத் தொண்டி. எப்படிப் பார்த்தாலும் மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. இதற்கு முன்னால் பத்து வருடத்துக்கும் மேலாக ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக்கில்தான் இந்த ஓட்டமெல்லாம். அதை விற்கவில்லை, வீட்டில்தான் நிற்கிறது. ஆகவே இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வண்டி டாட்டா டியாகோ இவி, 24 யூனிட் கொள்ளும் பெரிய பேட்டரி மாடல். 2022 செப்டம்பரில் அறிமுகமானபோது இந்த பேட்டரிக்கு 315 கிலோமீட்டர் என்று சான்றிதழ் எண் கொடுத்திருந்தார்கள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு யாரும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. எந்தக் கம்பெனியின் எந்த வண்டியானாலும் அது ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுக்கிற கணக்கு. பெட்ரோல் காருக்கு மட்டும் விளம்பரத்தில் போட்ட மைலேஜ் நம் ரோட்டில் என்றைக்குக் கிடைத்தது? என் பழைய வண்டி லிட்டருக்கு 17 கொடுத்தாலே நல்ல நாள்.

எங்கள் பக்கம் ரேஞ்சை, அதாவது ஒரு சார்ஜுக்கு ஓடும் தூரத்தை, தீர்மானிப்பது காற்று. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகையில் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். 55 கிலோமீட்டர் தூரத்துக்கு பேட்டரி 24, 25 சதவீதம்தான் இறங்கும். திரும்பும்போது அதே தூரத்துக்கு 30, 31 தின்றுவிடும். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஏறினால் வண்டியையே பக்கவாட்டில் ஆட்டுகிற காற்று. அங்கே வேகத்தைக் குறைத்தால் ரேஞ்சும் மிஞ்சும், மனசும் நிம்மதியாக இருக்கும். பெட்ரோல் காரிலும் எதிர்க்காற்று எண்ணெய் குடிக்கத்தான் செய்யும். அதில் முள் மெதுவாக இறங்குவதால் நாம் கண்டுகொள்வதில்லை. இதில் ஒவ்வொரு சதவீதமாகத் திரையில் காட்டுவதால், புதிதாக ஓட்டுகிறவருக்குக் கொஞ்ச நாள் வயிற்றைக் கலக்கும். அப்புறம் பழகிவிடும்.

இந்த வண்டியை நான் மெச்சுகிற முதல் விஷயம் யாருடைய விமர்சனத்திலும் பார்க்காதது. மாத்திரை, மருந்தெல்லாம் சூடு தாங்காது. இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைத்துவிடலாம், மற்ற சரக்கு அட்டைப்பெட்டியில்தான் போகும். மண்டபத்தில் சித்திரை வெயிலில் கடைக்காரர் பில்லைச் சரிபார்த்துப் பணம் எண்ணித் தருகிற வரைக்கும் வண்டி வெயிலில் நிற்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் ஏசி வேண்டுமானால் இன்ஜினை ஓட விட வேண்டும். புகை, சத்தம், செலவு. இதில் நிறுத்தி வைத்தே ஏசி போடலாம். ஒரு மணி நேரம் போட்டாலும் ஒரு யூனிட் அளவுக்குத்தான் இழுக்கிறது. டிக்கி 240 லிட்டர்தான், சின்னது. பின் சீட்டை மடக்கினால் என் சரக்குக்குக் காணும்.

ஓட்டும் சுகத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. கிளட்ச் கிடையாது, அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதான் பாம்பன் பாலத்தில் எவ்வளவு பெரியது என்பது அங்கே மாட்டிக்கொண்டவருக்குத் தெரியும். 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்த பிறகு, நடுவில் அந்த 72.5 மீட்டர் தூக்குப் பகுதி மேலே ஏறுவதைப் பார்க்க வருகிற சுற்றுலா வேன்கள் ரோட்டுப் பாலத்திலேயே நின்றுவிடுகின்றன. முன்பெல்லாம் அந்த ஊர்வலத்தில் கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கிப் போகும். இப்போது அந்த வலி இல்லை. சத்தமே இல்லாமல் வருவதால் பாம்பன் ஆடுகள் மட்டும் இந்த வண்டியை வண்டியாகவே மதிப்பதில்லை. ஹாரனைப் பக்கத்தில் போய் அடித்தால்தான் எழுந்திருக்கும்.

உப்புக்காற்றுக்கு வருவோம். கடலோரத்தில் கார் வைத்திருக்கிறவருக்கு இதுதான் நிரந்தரச் செலவு. மண்டபத்தில் காரைக்குடி சிக்ரியின் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) துரு ஆய்வு நிலையம் இருக்கிறது. உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் தொங்கவிட்டு எது எவ்வளவு நாள் தாங்குகிறது என்று பார்க்கிற இடம். அதற்கு மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததிலிருந்தே எங்கள் காற்றின் யோக்கியதை தெரிந்திருக்கும். அதே சிக்ரி காரைக்குடியில் லித்தியம் அயான் பேட்டரி ஆராய்ச்சியும் செய்கிறது. என் வண்டியின் இரண்டு கவலைகளுக்கும் ஒரே கூரை. 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் நூறு வருடத்துக்கு மேல் துருவோடு மல்லுக்கட்டிவிட்டு 2022 டிசம்பரில் ஓய்வுக்குப் போனது. நம் கார் எந்த மூலைக்கு?

பெட்ரோல் காரில் உப்பு முதலில் தின்பது சைலன்சரை. வெளியே கடற்காற்று, உள்ளே புகையோடு வருகிற ஈரம், இரண்டு பக்கமும் அரித்து ஒரு நாள் டிராக்டர் மாதிரி சத்தம் போடும். என் பழைய வண்டிக்கு வெல்டு வைத்து, பிறகு மாற்றி, மாற்றியதற்கும் வெல்டு வைத்திருக்கிறேன். மின்காரில் சைலன்சரே இல்லை. ஆயில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட் எதுவும் இல்லை. ஆனால் இதற்கென்று ஒரு தனித் துரு இருக்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியை இழுத்துப் பிடித்து, அந்த வேகத்தை பேட்டரிக்கு மின்சாரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பிரேக்கைத் தொடுகிற வேலையே குறைவு. அதனால் பிரேக் டிஸ்க் உரசிச் சுத்தமாவதற்கு வாய்ப்பில்லாமல், ராமேஸ்வரத்தில் ஓர் இரவு நின்றால் காலையில் டிஸ்க் மேல் செம்மண் பூசினது போல ஒரு படலம். முதல் பிரேக்குக்குக் கரகரவென்று ஒரு சத்தம் வரும். பயப்பட ஒன்றுமில்லை. ஆளில்லாத ரோட்டில் நாலு தடவை பிரேக்கை நன்றாக மிதித்துவிட்டால் போய்விடும். இதைத் தெரியாமல் டிஸ்க்கையே மாற்றச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

சார்ஜ் செருகுகிற வாயையும் கவனிக்க வேண்டும். மூடியைத் திறந்து காய்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் செருகுகிறேன். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் ஐபி67 (தூசும் தண்ணீரும் புகாது என்று சோதித்துத் தருகிற தரம்) பாதுகாப்பு உண்டு, மழைத் தண்ணீருக்குப் பயமில்லை. அதை நம்பி அரிச்சல்முனையில் கடல் நீர் ஏறிக் கிடக்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. உப்பு நீர் வேறு ஜாதி.

இனி காசு.

வீட்டில் 15 ஆம்பியர் ப்ளக்கில்தான் சார்ஜ். கிட்டத்தட்டக் காலியாக வந்து ராத்திரி பத்து மணிக்குச் செருகினால் காலை ஏழு மணிக்கு நிறைந்திருக்கும். பேட்டரிக்குள் 24 யூனிட் போக, சுவரிலிருந்து 27 யூனிட் அளவுக்கு இழுக்கிறது. வழியில் சூடாகப் போவது போகத்தான் செய்யும். ஆக யூனிட்டுக்கு ஏழு, ஏழரைக் கிலோமீட்டர். இணையத்தில் பலர் “யூனிட் ஐந்து ரூபாய், கிலோமீட்டருக்கு அறுபது காசு” என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் அப்படி வேலை செய்யாது. இரண்டு மாதத்துக்கு ஒரு பில், 2025 கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம், 500க்குள் நின்றால் ஒரு கணக்கு, 500ஐத் தாண்டினால் வேறு கணக்கு. தாண்டிய பிறகு எட்டரை ரூபாய், ஒன்பது அறுபத்தைந்து, பத்து எழுபது என்று ஏறி, ஆயிரம் யூனிட்டுக்கு மேல் 11 ரூபாய் 80 காசு.

எங்கள் வீடு வழக்கமாக 400 யூனிட். பில் ஆயிரத்து இருநூறுக்குப் பக்கத்தில் வரும். கார் வந்த பிறகு ஆயிரம் யூனிட்டைத் தொடுகிறது, பில் ஏழாயிரம். முதல் பில் போனில் வந்த அன்று வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். “ஏங்க, ஏழாயிரமா? மீட்டர் ஏதும் ஓடிப்போச்சா?” மீட்டர் சரியாகத்தான் ஓடியது. கார் மட்டும் குடித்த 600 யூனிட்டுக்கு ஐயாயிரத்து எண்ணூறு, அதாவது யூனிட் பத்து ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் முப்பது காசு. அதே இரண்டு மாதத்தில் நாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் பெட்ரோலில் ஓடியிருந்தால் இருபத்தாறாயிரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பெட்ரோல் செலவு தினம் ஐந்நூறு, ஆயிரம் என்று என் சட்டைப் பையிலிருந்து போனது, அதை யாரும் கூட்டிப் பார்த்ததில்லை. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மொத்தமாக வந்து நிற்கிறது, அதனால் பயமுறுத்துகிறது. அந்த இருபத்தாறாயிரத்தைக் காகிதத்தில் எழுதிக் காட்டிய பிறகுதான் வீடு அமைதியானது.

சரி, பெட்ரோல் விலை இறங்கினால்?

என் மச்சான் குவைத்தில் இருக்கிறான். பேரல் விலை இறங்குகிற ஒவ்வொரு தடவையும் அவனிடமிருந்து போன் வந்துவிடும். 2025இல் பிரென்ட் கச்சா எண்ணெய் 60 டாலர் பக்கம் வந்தபோதும் கூப்பிட்டான். “மச்சான், எண்ணெ அறுவதுக்கு வந்துருச்சு. ஒங்க ஊர்ல பெட்ரோல் அடிமாட்டு வெலைக்கு வந்துருக்குமே, கரண்டு காரு என்னாச்சு?” பாரதி நகரிலிருந்து கேணிக்கரைக்குப் போகிற வழியில் பங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: நேற்று என்ன விலையோ அதேதான் இன்றைக்கும்.

இதை அவனுக்குப் புரிய வைப்பது கஷ்டம். அவன் ஊரில் சாதாரணப் பெட்ரோல் லிட்டர் 85 ஃபில்ஸ், நம் காசுக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து ரூபாய். அங்கே மின்கார் தலையெடுப்பது பாடுதான். ஆனால் நம் பங்க் விலை பேரல் விலையின் வாலைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. 2014 நடுவில் பேரல் 115 டாலர் இருந்தது. 2016 ஜனவரியில் 30க்கும் கீழே விழுந்தது. அந்த இடைவெளியில் மத்திய அரசு கலால் வரியை ஒன்பது தடவை ஏற்றியது. விழுந்த லாபத்தில் பெரும்பகுதி வரிக்குள் போய்விட்டது. 2020 ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்க எண்ணெய் பூஜ்யத்துக்கும் கீழே போனது நினைவிருக்கும். எண்ணெயை எடுத்துக்கொண்டு போகிறவனுக்குக் காசு கொடுக்க வேண்டிய நிலை. நமக்கு? அந்த மார்ச்சிலும் மேயிலும் சேர்த்துப் பெட்ரோலுக்கு 13 ரூபாய் கலால் ஏறியது. பிறகு 2021 நவம்பரில் 5 ரூபாய், 2022 மேயில் 8 ரூபாய் குறைத்தார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு மூன்று ரூபாய் குறைத்தது.

ஏறும்போதும் இதே கதைதான், அதையும் சொல்லிவிட வேண்டும். உக்ரைன் போர் தொடங்கிப் பேரல் 130 டாலரைத் தாண்டிய 2022 மார்ச்சில் முதல் மூன்று வாரம் பங்க் விலை அசையவே இல்லை. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் அடித்துக்கொண்டபோது, உலக எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு போகிற ஹோர்முஸ் ஜலசந்தி அடைபடுமோ என்று விலை எகிறியது, இரண்டு வாரத்தில் இறங்கியது. ராமநாதபுரத்தில் பெட்ரோல் போடுகிறவருக்கு அந்தப் போர் நடந்ததே பில்லில் தெரிந்திருக்காது. 2022 மேக்குப் பிறகு 2025 வரை பெரிய அசைவு என்றால் 2024 மார்ச்சில் குறைந்த இரண்டு ரூபாய்தான். நூற்றுச் சொச்சம் என்பது எங்கள் பக்கம் ஏறக்குறைய நிலையான விலையாகவே நின்றது.

ஆகவே எண்ணெய் மலிந்தால் மின்கார் படுத்துவிடும் என்கிற பயம் அமெரிக்காவில் நியாயம். அங்கே பேரல் இறங்கினால் பங்கும் இறங்கும். இங்கே நடுவில் வரி என்று ஒரு மதகு இருக்கிறது. எண்ணெய் விற்றுப் பணக்காரனான நார்வேயில் 2024இல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது மின்கார். அங்கேயும் வரிதான் அதைச் செய்தது.

மின்சாரம் மட்டும் எப்போதும் இதே விலையில் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 2014க்குப் பிறகு எட்டு வருடம் தொடாமல் இருந்த கட்டணத்தை 2022 செப்டம்பரில் ஏற்றினார்கள். அதிலிருந்து ஒவ்வொரு ஜூலையும் ஒரு பேச்சு கிளம்புகிறது. 2024இல் 4.83 சதவீதம் ஏறியது. 2025இல் வீடுகளுக்கான ஏற்றத்தை அரசு தானே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கரண்ட் பத்து சதவீதம் ஏறினால் எனக்குக் கிலோமீட்டருக்கு 13 காசு கூடும். பெட்ரோல் பத்து சதவீதம் ஏறினால் 60 காசு.

இதையெல்லாம் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒப்பான பெட்ரோல் மாடலைவிட மின்காருக்கு மூன்று லட்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். சாலை வரி விலக்கு, ஜிஎஸ்டி 5 சதவீதம் எல்லாம் சேர்த்த பிறகும் அந்த இடைவெளி இருக்கிறது. 2025 செப்டம்பரில் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18ஆகக் குறைந்ததில் அது இன்னும் அகன்றிருக்கிறது. நூற்றுச் சொச்சம் பெட்ரோல் விலையில் அந்த மூன்று லட்சத்தை எடுக்க 65,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். பெட்ரோல் 80 ரூபாய்க்கு இறங்கினால் 88,000. 120க்கு ஏறினால் 52,000. என்னைப் போல ஓட்டுகிறவருக்கு இரண்டரை வருடமா, மூன்றரை வருடமா என்பதுதான் வித்தியாசம். பேட்டரிக்கு உத்தரவாதம் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். எந்த விலையிலும் அதற்குள் முடிந்துவிடுகிறது.

அதே வண்டியை வாங்கி ஞாயிற்றுக்கிழமை உத்தரகோசமங்கைக்கும், கல்யாண வீட்டுக்கும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் மட்டும் ஓட்டுகிறவர் மாதம் 400 கிலோமீட்டர்கூட ஓட்டமாட்டார். அவருக்குப் பெட்ரோல் 120 ஆனாலும் பத்து வருடத்தில்கூட முதல் வராது. இதுதான் என் முடிவு: பேரல் விலையைப் பார்த்து இந்த வண்டியை வாங்காதீர்கள், உங்கள் வண்டியின் கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து, எங்கே ப்ளக் போடப் போகிறீர்கள் என்பதையும் பாருங்கள். ரோட்டோர வேக சார்ஜரில் வரியெல்லாம் சேர்த்து யூனிட் 20 ரூபாய்க்கு மேல் ஆகிறது. 22 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் பக்கம். எப்போதும் வெளியிலேயே சார்ஜ் போடுகிறவருக்கு மூன்று லட்சத்தை எடுக்க ஒரு லட்சம் கிலோமீட்டர் ஆகிவிடும். பெட்ரோல் விலை 74 ரூபாய்க்கு விழுந்தால் என்ன ஆகுமோ அதே நிலைமை. எந்த அரசும் பெட்ரோலை 74க்குத் தரப்போவதில்லை. ஆனால் வாடகை வீட்டில் ப்ளக் போட வீட்டுக்காரர் விடாவிட்டால் மின்காரின் லாபத்தில் அதே அளவு போய்விடும். பேரலைவிட வீட்டு ஓனர்தான் பெரிய ஆபத்து.

வெளி சார்ஜர்களைப் பற்றி நல்லபடியாக எழுத ஆசை. மதுரை ரோட்டில் ஒரு ஓட்டல் வாசலில் இருப்பதைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். மதுரை போய்வர 230 கிலோமீட்டர், ஊருக்குள் அலைவதையும் சேர்த்தால் நடுவில் ஒரு தடவை போட்டே ஆக வேண்டும். அந்த இடத்தில் முதலில் ஒரு ஆப்பை இறக்கி, அதன் பையில் முன்பணம் போட வேண்டும். போட்ட பணம் அங்கேயே கிடக்கும். வேறு சார்ஜருக்கு வேறு ஆப், வேறு முன்பணம். நான் போன அன்று திரையில் “தயார்” என்று இருந்தது, செருகினால் ஓடவில்லை. காவலாளி பொறுப்பாக வந்து பார்த்துவிட்டு, “நேத்துதான் சார் சரி பண்ணிட்டுப் போனாங்க” என்றார். அவர் காட்டிய அடுத்த சார்ஜர் வேலை செய்தது. 10 சதவீதத்திலிருந்து 80க்கு ஒரு மணி நேரம், சாப்பிட்டு முடிக்கிற நேரம்தான். ஆனால் எனக்கு முன்னால் ஒருவர் செருகியிருந்தார், அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை என் சாப்பாட்டு நேரம் தொடங்கவில்லை. பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிடம். இந்த ஒரு விஷயத்தில் பெட்ரோல் காருக்குப் பக்கத்தில்கூட மின்கார் வரவில்லை, அடம்பிடித்துப் பயனில்லை. பரமக்குடி, ராமநாதபுரம் நாலு வழிச்சாலைக்கு 2025 ஜூலையில் அனுமதி வந்திருக்கிறது. ரோடு வரும்போது சார்ஜர்களும் கூடும் என்று நம்புகிறேன். இன்றைக்கு மதுரைக்கு அவசரமென்றால் பழைய பெட்ரோல் வண்டியைத்தான் எடுக்கிறேன். அதை விற்காததன் காரணம் இதுதான்.

முள்ளைச் சொல்ல மறந்துவிட்டேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் ரோடு ஓரம் முழுக்கச் சீமைக்கருவேலம்தான். வெட்டுகிற காலத்தில் முள் ரோட்டில் சிதறிக் கிடக்கும். இந்த வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. அதற்குப் பதில் பஞ்சர் ஒட்டுகிற திரவமும் காற்றடிக்கிற சின்ன பம்பும் கொடுக்கிறார்கள். உச்சிப்புளி பஞ்சர் கடைப் பையன் டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஸ்டெப்னி எங்கண்ணே?” என்று என்னையே கேட்டான். ட்யூப்லெஸ் டயரில் கருவேல முள் இறங்கினால் காற்று மெதுவாகத்தான் போகும், பம்பை வைத்து அடித்துக்கொண்டே பக்கத்து ஊர் வரை வந்துவிடலாம். பெரிய ஆணி என்றால் அது நடக்காது. தொண்டி ரோட்டில் ராத்திரியில் போகிறவர் தனியாக ஒரு ஸ்டெப்னி வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்வது நல்லது. இடம் போகும், பரவாயில்லை.

உண்மையான போட்டி பெட்ரோலோடு இல்லை, சிஎன்ஜி எரிவாயுவோடுதான் என்று ஆட்டோ ஓட்டுகிற நண்பர் சொல்வார். அதில் நியாயம் இருக்கிறது. கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய்க்கு முடிகிறது, கார் விலையும் இவ்வளவு ஏறாது. வெளி சார்ஜரையே நம்பி ஓட்டுகிறவருக்குச் சிஎன்ஜி கார் ஏறக்குறைய அதே செலவுதான், தொல்லை குறைவு. வீட்டில் ப்ளக் இருந்தால் சிஎன்ஜியும் பின்தங்கிவிடும்.

கமுதியில் 2016இலிருந்து 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஓடுகிறது. அந்த வெயில்தான் என் மாடியிலும் அடிக்கிறது. மூன்று கிலோவாட் தகடு போட்டால் மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். பில்லில் பாதிக்கு மேல் விழும். இடைஞ்சல் இரண்டு: வெயில் பகலில் அடிக்கிறது, கார் பகலில் ரோட்டில் இருக்கிறது, தகட்டைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தையும் உப்புக்காற்று சும்மா விடாது. முதல் இடைஞ்சலுக்கு, பகலில் கொடுத்ததை ராத்திரி எடுத்ததோடு கழித்துக்கொள்கிற மீட்டர் இருக்கிறது. இரண்டாவதற்கு நல்ல துத்தநாகப் பூச்சு உள்ள சட்டமாகக் கேட்டு வாங்க வேண்டும். தை பிறந்ததும் போடலாம் என்று இருக்கிறேன்.

வாங்குகிறவர்களுக்கு: 19.2 யூனிட் சின்ன பேட்டரி ராமநாதபுரம் ஊருக்குள் ஓட்டுகிறவருக்குப் போதும், ராமேஸ்வரம் போய்வருகிறவர் கச்சான் காலத்தை நினைத்து 24ஐயே எடுங்கள். வண்டி ராத்திரி முழுக்க வீட்டில் நிற்கிறது என்றால் 7.2 கிலோவாட் வேக சார்ஜருக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், 15 ஆம்பியர் ப்ளக்கே காணும். எர்த்தை மட்டும் வண்டி வருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். எங்கள் பக்கம் பழைய வீடுகளில் இரும்புக் குழாய் எர்த்தை உப்பு மண் எப்போதோ தின்று முடித்திருக்கும். விளக்கும் ஃபேனும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், யாருக்கும் தெரியாது. கார் சார்ஜர் செருகியதும் சிவப்பு விளக்குப் போட்டு நின்றுவிடும். செம்புத் தகடு வைத்துப் புதிதாக எர்த் குழி போட ஒரு நாள் வேலை. எலக்ட்ரீஷியனுக்கு ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். கல்யாண சீசனில் எல்லாரும் சீரியல் பல்பு கட்டப் போய்விடுகிறார்கள்.